கைக் கொப்புளமும் கல்லீரல் இரும்பும்

2023ஆம் ஆண்டு மே மாதம், அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு நாள் கழித்து, என் புறங்கைகள் இரண்டிலும் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. முதல் நாள் எதிர்சேவைக்குத் தல்லாகுளம், மறுநாள் ஆற்றங்கரை என்று இரண்டு பகல் சித்திரை வெயிலில் நின்றிருந்ததால், அது சூட்டுக் கொப்புளம் என்றே வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். மொச்சைப் பயறு அளவில், தெளிந்த நீரோடு, விரல் மூட்டுகளுக்கு மேலும் மணிக்கட்டின் மேற்புறத்திலும் ஏழெட்டு இருந்தன. அவை உடைந்து ஆறிய இடங்களில், ரவையைப் பதித்தாற்போல் வெண்ணிறக் குருணைகள் தங்கிவிட்டன. அதைவிட என்னை அச்சுறுத்தியது தோலின் பலவீனம். பீரோ சாவியைத் திருப்பும்போது கை உரசினாலும், தாழ்ப்பாளில் லேசாக இடித்தாலும், வெந்த தக்காளியின் தோலைப் போலப் புறங்கைத் தோல் சுருண்டு கழன்றது. கழன்றதைக் கண்ட பிறகுதான் வலியே தெரிந்தது.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. மதுரை திருநகரில் வீடு, வயது அப்போது 51. மதுவையோ புகையையோ தொட்டதில்லை. கொப்புளத்துக்கு மருந்து தேடி ஆறு மாதம் அலைந்த பிறகு, என் கோளாறின் வேர் தோலில் இல்லை, கல்லீரலில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இரும்பில் இருக்கிறது என்று தெரிய வந்தது. அந்த இரும்பு அப்படிச் சேர்வதற்கான இயல்பு என் தாய் தந்தை இருவரிடமிருந்தும் எனக்கு வந்திருந்தது. வீட்டுக்கு வீடு இரத்தசோகை உள்ள ஊரில், உடம்பில் இரும்பு மிகையாகவும் ஆகலாம் என்று நினைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. என்னைப் போல இன்னொருவர் அந்த ஆறு மாதத்தை இழக்கக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கொப்புளம் என்றால் முதலில் அக்கி என்பார்கள். அக்கி என்றால் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்வது வழக்கம். திருநகரை அடுத்த விளாச்சேரி கொலு பொம்மைக்குப் பெயர்போன ஊர். என் மாமியார் சொல்லைத் தட்ட முடியாமல் அங்கே ஒரு பெரியவரிடம் போனேன். அவர் காவியைக் குழைத்து வைத்துக்கொண்டு என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, "தாயி, இது அக்கி இல்ல. அக்கி ஒரு பக்கமாத்தான் பத்தை பத்தையா எறங்கும். இது ரெண்டு கையிலயும் இருக்கு. அதுவும் வெயில் படுற எடத்துல மட்டும் இருக்கு. பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். காசும் வாங்கிக்கொள்ளவில்லை. வளையலுக்கு மேலே, ரவிக்கையின் கை மறைத்த இடத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை என்பதை அன்றுதான் நானே கவனித்தேன்.

அவர் சொன்னதன் பொருளை நான் அன்றே முழுமையாக எடுத்துக்கொண்டிருந்தால் நல்லது. வீட்டுக்கு அருகிலிருந்த மருத்துவரிடம் காட்டினேன். ஒவ்வாமை என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்து, கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார். அடுத்த மருத்துவமனையில் வேறொரு களிம்பு. கொப்புளம் வந்தது, ஆறியது, மறுபடியும் வந்தது. ஆகஸ்டு மாதத்தில் கண்களுக்குப் பக்கவாட்டிலும் கன்ன மேட்டிலும் மெல்லிய கருமுடி வளரத் தொடங்கியது. ஆறாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி கள்ளமில்லாமல், "டீச்சர், உங்க கன்னத்துல முடி மொளைக்குது" என்றாள். அன்று மாலை கண்ணாடி முன் நின்று நான் அழுதேன். இந்த நோயில் அந்த முடி ஓர் அறிகுறி என்பதையும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மருத்துவரிடம் நான் மறைத்தது பெரிய பிழை என்பதையும் பிறகு உணர்ந்தேன். உடம்பில் புதிதாகத் தோன்றும் எதையும், தொடர்பில்லாதது என்று நாமே தீர்மானித்து விட்டுவிடக் கூடாது.

நவம்பரில் நான் சந்தித்த தோல் மருத்துவர் வயதில் இளையவர். கையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், பிறகு மற்ற யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்: "யூரின் என்ன கலர்ல போகுதும்மா?" சில மாதங்களாகக் கறுப்புத் தேநீர் நிறத்தில் போவதாகவும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டதாகவும் சொன்னேன். உடனே ஒரு கண்ணாடிக் குழாயில் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். அறையின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கருநீல ஒளி வீசும் சிறு விளக்கு ஒன்றை அதன்மேல் காட்டினார். அந்தக் குழாய் பவழம் போல் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. என் உடம்பிலிருந்து வந்த ஒன்று இருட்டில் அப்படி ஒளிர்வதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. அவரோ நிம்மதியடைந்தவர் போல நாற்காலியில் சாய்ந்து, "கண்டுபிடிச்சாச்சும்மா, இதுக்கு வழி இருக்கு" என்றார்.

நோயின் பெயர் போர்பிரியா கியூட்டேனியா டார்டா. 1937இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம் வைத்த பெயர். தோலில் தோன்றி, வயது சென்ற பின் வரும் போர்பிரியா என்பது அதன் பொருள். போர்பிரியா என்ற சொல் ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளை உடம்பு எட்டுப் படிகளில் செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. ஐந்தாம் படியின் நொதி கல்லீரலில் முடங்கிப்போவதுதான் இந்த நோய். அதன் வேலைத்திறன் வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்போது, பாதி செய்யப்பட்ட பொருள்களாகிய போர்பிரின்கள் கல்லீரலில் தேங்கி, இரத்தத்தில் வழிந்து, சிறுநீரில் நிறமாகவும் தோலில் வினையாகவும் வெளிப்படுகின்றன. தோலில் படிந்த போர்பிரின், வெயிலின் ஊதா ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அது மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையிலுள்ள பிடிப்பைச் சிதைக்கிறது. என் தோல் தக்காளித் தோலாய்க் கழன்றதற்குக் காரணம் அதுவே.

அந்த நொதி ஏன் முடங்குகிறது என்ற கேள்விக்குத்தான் இரும்பு விடையாக வருகிறது. கல்லீரலில் இரும்பு மிகும்போது, அங்கே நடக்கும் ஆக்சிஜனேற்றத்தில் அந்த நொதியையே அடைத்துவிடும் ஒரு பொருள் உண்டாகிறது. பூட்டுக்குள் உடைந்த சாவி சிக்கிக்கொள்வது போன்றது இது. பூட்டு நல்ல பூட்டுத்தான், திறக்க வழியில்லை. நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த நொதிக்கான மரபணுவிலேயே பிறவிக் குறை உண்டு. மற்றவர்களுக்கு நொதியின் மரபணு சரியாக இருந்தும், கல்லீரல் சூழல் கெட்டதால் நோய் வருகிறது. மது, புகை, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, இரும்பு மிகுதி ஆகியவையே அந்தச் சூழலைக் கெடுப்பவை. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒருவரிடம் கூடும்போதே நோய் வெளிப்படுகிறது. அதனால் எனக்கு ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி, சர்க்கரை ஆகிய எல்லாச் சோதனைகளும் செய்தார்கள். எச்ஐவி சோதனைக்கு ஒப்புதல் கேட்டபோது என் கணவர் முகம் சுளித்தார். இது சந்தேகத்தின் பேரில் கேட்பதில்லை, இந்த நோய்க்கான முறை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பட்டியலில் எதையும் விடாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

சிறுநீர் மாதிரி கொடுப்பதில் நான் கற்றது ஒன்று உண்டு. போர்பிரின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். முதல் மாதிரியை நான் சாதாரணப் பையில் போட்டு, பேருந்தில் வெயில்படக் கொண்டுபோனேன்; ஆய்வகத்தில் மறுபடியும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது முறை குப்பியை, சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றிக் கறுப்புப் பைக்குள் வைத்து, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்தேன். இரத்தப் பரிசோதனையும் கூடவே தேவைப்பட்டது. வேரிகேட் போர்பிரியா என்ற மற்றொரு வகையிலும் தோல் இதே போலக் கொப்புளிக்கும். ஆனால் அதற்கு வைத்தியம் வேறு, சில மருந்துகள் அவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகும். இரண்டையும் பிரித்தறியாமல் வைத்தியம் தொடங்கக் கூடாது என்று மருத்துவர் உறுதியாக இருந்தார்.

என் இரும்புக் கணக்கு வந்தது. இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 940 நானோகிராம். அந்த ஆய்வகத்தில் பெண்களுக்கு மேல் எல்லை 150. இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் செறிவு 66 விழுக்காடு. 45ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஃபெரிட்டின் மட்டும் கூடியிருந்தால் அது காய்ச்சல், அழற்சி, கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றாலும் இருக்கலாம் என்பதால், இரண்டையும் சேர்த்துக் காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பதே முறை. எம்ஆர்ஐ படமும் கல்லீரலில் இரும்பு படிந்திருப்பதைக் காட்டியது. நல்லவேளையாகக் கல்லீரல் இறுகியிருக்கவில்லை.

"இரும்பு டானிக் ஏதும் எடுக்குறீங்களா?" என்று கேட்டபோது நான் தலைகுனிந்தேன். 2017இல் மிகுந்த உதிரப்போக்கால் எனக்குக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார்கள். அப்போது ஹீமோகுளோபின் 8. இரும்பு மருந்து எழுதிக் கொடுத்தது அன்று முற்றிலும் சரி. உடம்பில் திடீரென்று அனல் பாய்வதற்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் கொடுத்தார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைக்காரருக்கு என் முகம் பழகிவிட்டது. சீட்டு இல்லாமலே மாதம் தவறாமல் இரண்டும் கிடைத்தன. அசதி வந்தால், இரத்தம் இல்லை போலிருக்கிறது என்று டானிக்கை இன்னும் ஒரு மூடி கூட்டிக்கொண்டேன். மிகை இரும்பும் அசதியைத்தான் தரும் என்பது எனக்குத் தெரியாது. மாதவிலக்கு உள்ள வரை பெண்ணுடம்பு மாதந்தோறும் கொஞ்சம் இரும்பை இழக்கிறது. பரம்பரையாக இரும்பு சேரும் இயல்புள்ள பெண்களைப் பல ஆண்டுகள் அதுவே காப்பாற்றுகிறது. 45 வயதில் எனக்கு அந்த வாசல் அடைபட்டது. உள்ளே வரும் வாசலையோ நானே அகலத் திறந்து வைத்தேன்.

மிகையான இரும்பை வெளியேற்ற நம் உடம்பில் தனி வழி கிடையாது. நாள் ஒன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் குடலில் உறிஞ்சப்படும். ஏறக்குறைய அதே அளவு உதிரும் செல்களோடு போகும். ஆகவே கட்டுப்பாடு முழுவதும் உள்ளே விடுகிற இடத்தில்தான். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சுரப்பு, போதுமான இரும்பு இருக்கிறது என்றால் குடலின் கதவைச் சாத்துகிறது. 1996இல் கண்டறியப்பட்ட எச்எஃப்இ என்ற மரபணு பழுதானால் ஹெப்சிடின் குறைகிறது, கதவு சரியாகச் சாத்துவதில்லை. பல பத்தாண்டுகளில் இரும்பு சேர்ந்துகொண்டே போகிறது. இதுவே பரம்பரை ஹீமோகுரோமட்டோசிஸ். மரபணு கண்டறியப்பட்ட மறு ஆண்டே, பிரிட்டனில் இந்தப் போர்பிரியா நோயாளிகளிடம் அதன் சி282ஒய் என்ற மாற்றம் மற்றவர்களைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். இத்தாலியில் எச்63டி என்ற மாற்றத்தை அப்படிக் கண்டார்கள். தோலில் வந்த நோய்க்கும் தலைமுறை வழியாக வந்த இரும்புக்கும் உள்ள முடிச்சு அங்கேதான் தெளிவானது.

சி282ஒய் ஐரோப்பியரிடம் மிகுதி, இந்தியரிடம் மிக அரிது. அதை மட்டும் பார்த்து, இல்லை என்று வந்தவுடன் பரம்பரைக் காரணம் இல்லை என்று நம் ஊரில் முடிவு கட்டிவிடக் கூடாது. எச்63டி இங்கேயும் உண்டு, ஹெப்சிடினைக் கட்டுப்படுத்தும் வேறு மரபணுக்களும் உண்டு. எனக்கு வந்த முடிவு எச்63டி இரண்டு பிரதிகள். இரண்டு பிரதிகள் இருந்தாலும் பலருக்கு எதுவும் ஆவதில்லை, அது மட்டுமே இவ்வளவு இரும்பைச் சேர்த்திருக்காது என்று மருத்துவர் விளக்கினார். சரியாகச் சாத்தாத கதவு, ஆறு ஆண்டு டானிக், நின்றுபோன மாதவிலக்கு, அதன்மேல் ஈஸ்ட்ரோஜன் என்ற நான்கும் ஒன்றுகூடியதால்தான் என் கை கொப்புளித்தது.

இரண்டு பிரதிகள் என்றால் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. என் தாய் தந்தையர் மாமன் மகளும் அத்தை மகனும் ஆவர். எங்கள் பக்கம் சொந்தத்துக்குள் கொடுத்து வாங்குவது பெருமைக்குரிய உறவு. அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் ஒரே பாட்டனாரின் மரபணு இரண்டு கிளைகள் வழியாக வந்து ஒரு பிள்ளையிடம் சந்திக்கும் வாய்ப்பு அத்தகைய மணத்தில் கூடுதல். ஆகவே உடன்பிறந்தவர்கள் அனைவரும் பரிசோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஒருவருக்கு இரண்டு பிரதிகள் என்றால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இந்த இடத்தில் நான் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018இல் 52 வயதில் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து இறந்தார். சர்க்கரையும் இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் நிறம் மண்பானை வெந்தது போலக் கருத்துப்போனது. தீபாவளி, பொங்கல் என்று குடிப்பார், அதை மறைத்ததில்லை. ஆனால் சாவு வீட்டில், "குடிச்சுக் குடிச்சே போய்ட்டான்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னபோது நாங்களும் தலையாட்டினோம். அண்ணி எவ்வளவு மறுத்தும் யாரும் கேட்கவில்லை. அவருக்கு ஃபெரிட்டின் பார்க்கவே இல்லை. இனி அறிய வழியும் இல்லை. இரும்பும் மதுவும் சேர்ந்தால் கல்லீரல் இரட்டிப்பாகக் கெடும் என்பது மட்டும் உறுதி. என் பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போய், நாங்கள் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளை வாங்கி, படிக்காமல், கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தம்பிக்குக் கப்பலூர் பக்கம் லேத் பட்டறை. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடிமூட்டுகளிலும் ஓயாத வலி. "லேத்துல நின்னா வலிக்காம என்னக்கா செய்யும்" என்பான். அந்த இரண்டு மூட்டுகளும் குறிப்பாக வலிப்பது இந்த இரும்பு நோயின் அடையாளம் என்று நான் அறிந்தபின், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஃபெரிட்டின் 1,600, செறிவு 74. அவனுக்கும் இரண்டு பிரதிகள். ஆனால் அவன் கையில் ஒரு கொப்புளமும் இல்லை. சிறுநீர் தெளிவாக இருந்தது. என்னைவிட இரும்பு மிகுதியாக இருந்தும் போர்பிரியா அவனுக்கு வரவில்லை. தோலைப் பார்த்து இரும்பை மதிப்பிட முடியாது என்பதற்கு எங்கள் இருவரையும்விடச் சான்று வேண்டாம்: எனக்குத் தோல் எச்சரிக்கை கொடுத்தது, அவனுக்கு அந்த எச்சரிக்கைகூட இல்லை. தேனியிலுள்ள தங்கைக்கு ஒரு பிரதிதான். அவள் கணக்கு இயல்பாக இருந்தது.

வைத்தியம் மிக எளிமையானது, கேட்பவர்கள்தான் திடுக்கிடுகிறார்கள். இரத்தத்தை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். இந்தப் போர்பிரியாவுக்கு அதை 1961இல் ஜெர்மானிய மருத்துவர் இப்பென் வழிகாட்டினார். எடுத்த இரத்தத்தை ஈடுகட்ட, எலும்பு மஜ்ஜை கல்லீரலில் கிடக்கும் இரும்பை இழுத்துப் புது இரத்தம் செய்கிறது. இப்படிக் களஞ்சியம் காலியாகிறது. என் எடை 53 கிலோ என்பதால் ஒவ்வொரு முறையும் 350 மில்லிலிட்டர் பை. அதில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 2023 டிசம்பரிலிருந்து 2024 ஜூன் வரை பதின்மூன்று முறை எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அன்று எடுப்பதில்லை. ஒரு முறை 10.4 வந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். ஈஸ்ட்ரோஜனையும் டானிக்கையும் முதல் நாளே நிறுத்தியிருந்தோம். ஐந்தாம் முறைக்குப் பிறகு புதுக் கொப்புளம் வரவில்லை. ஏழாம் முறையளவில் சிறுநீர் நிறம் மாறியது. தோல் உறுதிப்பட மேலும் பல மாதங்கள் ஆயின. கன்னத்து முடி எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் உதிர்ந்தது. ஃபெரிட்டின் 20க்குக் கீழே இறங்கியதும் நிறுத்தினார்கள். வாரம் இரண்டு முறை மிகச் சிறிய அளவில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கும் வைத்தியமும் உண்டு. ஆனால் அது போர்பிரினை வெளியேற்றுமே தவிர இரும்பைக் குறைக்காது என்பதால் எனக்கு அது வேண்டாம் என்றார் மருத்துவர். அதே மருந்தை வழக்கமான பெரிய அளவில் இந்த நோயாளிகள் எடுத்தால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். ஆகவே மூட்டுவலிக்கோ வேறெதற்கோ அந்த மருந்தை யாராவது எழுதினால், நோயைச் சொல்லித் தடுத்துவிட வேண்டும்.

இரத்தம் எடுக்கும் நாளில் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. முதல் முறை நான் கிருத்திகை விரதத்தோடு போய், எழுந்தவுடன் கண் இருண்டு விழப் பார்த்தேன். பிறகு இரண்டு மூன்று குவளை தண்ணீர், வயிறு நிறைய இட்லி, முடிந்தபின் கால் மணி நேரம் படுக்கை, வீடு திரும்ப ஆட்டோ என்று பழகிக்கொண்டேன். பதின்மூன்று முறையும் ஒரே கையில் குத்திக்கொள்ளாமல் கைமாற்றிக் கொடுத்தது நரம்புக்கு நல்லதாயிற்று.

குணமாகும் வரை வெயிலிலிருந்து கையைக் காப்பதே பெரும்பாடு. கடையில் கிடைக்கும் சாதாரண வெயில் களிம்பை நான் மாதக்கணக்கில் பூசியும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அவை புற ஊதாக் கதிரைத் தடுப்பவை. போர்பிரினைத் தூண்டுவதோ ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளி. அது கண்ணாடியையும் ஊடுருவும். தினமும் பேருந்தில் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு சன்னலோரத்தில் கையை மடியில் வைத்து உட்கார்ந்து, பாதுகாப்பாக இருப்பதாக நான் நம்பியது வீண். நெருக்கமாக நெய்த பருத்திக் கையுறை, முழுக்கை ரவிக்கை, கறுப்புக் குடை, மறைக்க முடியாத இடத்தில் வெள்ளையாகத் தெரியும் துத்தநாக ஆக்சைடு பூச்சு ஆகியவைதான் உதவின. பள்ளியில் சாக்குக்கட்டி பிடிக்கவும் கையுறையோடே பழகினேன். கொப்புளத்தை உடைக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடிவைத்தால் சீழ் பிடிக்காது.

உணவைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மதுரையில் உடம்பு இளைத்தவருக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிக் கொடுப்பது அன்பின் அடையாளம். என் கணவர் வாரம் தவறாமல் வாங்கி வந்தார். மண்ணீரலும் ஈரலும் இரும்பு செறிந்தவை, அவற்றை நிறுத்தினேன். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதையும், வைட்டமின் சி மாத்திரையையும் நிறுத்தினேன். முருங்கைக்கீரையை நிறுத்தவில்லை; கீரையிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் ஏறாது. ஒரு பை இரத்தத்தில் போகும் இரும்பைச் சாப்பாட்டுப் பத்தியத்தால் ஈடுகட்டப் பல மாதங்கள் பட்டினி கிடக்க வேண்டும். ஆகவே பத்தியத்தையே வைத்தியமாக நம்பி, இரத்தம் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். தம்பிக்கு மது முழு விலக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை.

நான் வேலை பார்க்கும் பள்ளியில், வளரிளம் பெண்களுக்கு அரசு தரும் நீலநிற இரும்பு மாத்திரையை வாரம் ஒரு முறை என் கையால்தான் கொடுக்கிறேன். என் நோயை அறிந்த சக ஆசிரியை ஒருவர், அதை இனிக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுத்தே ஆக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வாரத்துக்கு ஒரு மாத்திரை அவர்களுக்கு அருமருந்து. நான் செய்த பிழை இரும்பு எடுத்ததில் இல்லை. அளவு பார்க்காமல் ஆறு ஆண்டு எடுத்ததில் இருக்கிறது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபெரிட்டின் பார்க்கிறேன். ஏறத் தொடங்கினால் மறுபடியும் ஒரு பை எடுப்பார்கள். தம்பிக்கு இதுவரை இருபது முறை எடுத்தாகிவிட்டது. விரல் வலி முழுவதும் போகவில்லை. சர்க்கரை மாத்திரை மட்டும் குறைந்திருக்கிறது.

இந்த ஆண்டு என் மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, உன்கிட்ட இருந்து ஒரு பிரதி எனக்கு வந்திருக்கும்ல? நான் இதப் போடலாமா?" என்று கேட்ட குரலில் பயம் தெரிந்தது. என் இரண்டு பிரதிகளில் ஒன்று அவளுக்குக் கட்டாயம் வந்திருக்கும் என்பது உண்மை. அன்றே ஃபெரிட்டினும் செறிவும் பார்க்கச் சொன்னேன். ஃபெரிட்டின் 9, அவள் களஞ்சியம் காலியாக இருந்தது. மறுநாள் காலை முதல் பேருந்தில் போய், எதிரில் உட்கார்ந்து, தண்ணீரோடு அந்த மாத்திரையை நானே அவள் கையில் கொடுத்தேன்.